மொம்பாசாவில் ஐந்து நாட்கள்: நகரத்திலேயே தங்கலாமா?

காட்பாடி ஆசிரியர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், வயது 62. வரும் பிப்ரவரியில் நானும் என் மனைவியும் கென்யாவின் மொம்பாசாவுக்குச் செல்ல எண்ணியிருக்கிறோம். பயண முகவர் கொடுத்த திட்டத்தில் அந்நகருக்கு அரை நாள்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். மற்ற நாட்களெல்லாம் தெற்கே தியானி கடற்கரை விடுதியிலும் வனவிலங்குப் பூங்காவிலும் கழிந்துவிடுகின்றன. ஆண்டுதோறும் மாணவர்களை வேலூர்க் கோட்டைக்கு அழைத்துப் போய்க் காட்டியவன் என்பதால், அங்குள்ள ஜீசஸ் கோட்டையையும் பழைய நகரத்தையும் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை. ஐந்து நாட்களையும் நகரத்துக்கே கொடுக்கலாமா? நாங்கள் சைவ உணவு மட்டுமே உண்பவர்கள். போய் வந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

ராணிப்பேட்டை வாசகி:

ஐயா, ஊர் சுற்றுவதைப் பற்றி யோசிப்பதற்கு முன் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றி யோசியுங்கள். கென்யாவிலிருந்து இந்தியா திரும்புபவரிடம் அந்தச் சான்றிதழ் இருக்க வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழிந்த பிறகே அது செல்லும். எங்களை அனுப்பிய முகவர் இதைக் கடைசி வாரத்தில்தான் சொன்னார். பயணத்தையே தள்ளிப்போட்டு, பயணச்சீட்டுப் பணத்தில் பாதியை இழந்தோம். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் ஊசி போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும். ஆனால் 60 வயதைக் கடந்தவர்களுக்கு இந்த ஊசியால் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதால், உங்கள் மருத்துவரைப் பார்க்காமல் போய் நிற்காதீர்கள். கடலோரத்தில் மலேரியாவும் உண்டு. அதற்கான மாத்திரையையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். விசாவுக்குப் பதிலாக 2024 ஜனவரி முதல் இணையவழிப் பயண அனுமதி முறை வந்துவிட்டது. அதைப் புறப்படுவதற்கு முன்பே பெற்றுவிட வேண்டும்.

சத்துவாச்சாரி நண்பர்:

வணக்கம் ஐயா. துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிடங்கில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஐந்து நாட்களையும் நகரத்துக்கே கொடுங்கள். வேலூர்க் கோட்டையை அறிந்தவருக்கு ஜீசஸ் கோட்டையில் அரை நாள் எப்படிப் போதும்? போர்ச்சுகீசியர் 1593-இல் தொடங்கி 1596-இல் முடித்த கோட்டை அது. வரைந்து கொடுத்த இத்தாலியர் கைராத்தி, கோவாவைத் தலைமையிடமாகக் கொண்ட போர்ச்சுகீசிய இந்தியாவின் தலைமைக் கட்டடக் கலைஞர். நம் கோட்டை கருங்கல்; அது பவளப்பாறை. சுவரை அருகில் போய்ப் பார்த்தால் தேன்கூடு போலச் சிறுசிறு துளைகள் தெரியும். கையை வைத்து எடுத்தால் வெண்மையான பொடி ஒட்டிக்கொள்ளும். நம் கோட்டையில் திப்புவின் குடும்பத்தையும் கண்டி அரசரையும் அடைத்து வைத்த ஆங்கிலேயர், அந்தக் கோட்டையையும் 1958 வரை சிறையாகவே வைத்திருந்தார்கள். உள்ளே அருங்காட்சியகத்தில், 1697-இல் கோட்டைக்கு எதிரே மூழ்கிய போர்ச்சுகீசியக் கப்பலிலிருந்து எடுத்த பொருட்களைத் தவறவிடாதீர்கள்; அந்தக் கப்பல் கட்டப்பட்டது நம் மும்பைக்கு அருகிலுள்ள வசாய் ஊரில்தான். அப்போது ஓமானியர் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார்கள்; அந்த முற்றுகை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நீடித்து, 1698-இல் கோட்டை அவர்கள் கைக்குப் போனது.

உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். காலையில் பழைய நகரத்துச் சந்துகளில் மகாம்ரி பொரிப்பார்கள்; ஏலக்காயும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பிசைந்த மாவை முக்கோணமாக வெட்டி எண்ணெயில் போட்டதும் பூரி போல உப்பி வரும். அதற்குத் தொட்டுக்கொள்ள, தேங்காய்ப்பாலில் குழைய வேகவைத்த முழுத் துவரை; அதன் பெயர் ம்பாசி. நான் அங்கிருந்த நாட்களில் என் காலை உணவு பெரும்பாலும் அதுவே. குஜராத்தியர் பல தலைமுறைகளாக வாழும் ஊர் என்பதால் சைவச் சாப்பாட்டுக் கடைகளும் சுவாமி நாராயண் கோயிலும் நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன. பழைய நகரத்திலேயே ஒரு சிறு விடுதியில் தங்குங்கள்.

ராணிப்பேட்டை வாசகி:

கடைசியாகச் சொன்னதை மட்டும் நான் ஏற்கவில்லை. அந்த ஊரில் பிப்ரவரிதான் கடும் வெயில் காலம். வேலூர் வெயிலில் பழகியவர்கள் நாம் என்றாலும், அங்கே அந்த வெயிலோடு கடற்கரைப் புழுக்கமும் சேர்ந்து ஆளைத் தளர்த்திவிடுகிறது. பழைய வீடுகளில் படிகள் செங்குத்தானவை. என் மாமியாரால் இரண்டாவது மாடிக்கு ஏற முடியாமல், மறுநாளே பாலத்துக்கு அப்பால் நியாலிக்கு மாறினோம். அங்கிருந்து காலையிலும் மாலையிலும் நகருக்கு வந்து போவது எளிதாகவே இருந்தது.

சத்துவாச்சாரி நண்பர்:

சகோதரி சொல்வது நியாயம். தரைத்தளத்தில் அறை கிடைத்தால் மட்டும் பழைய நகரம், இல்லையென்றால் நியாலி. ஆனால் விடியற்காலையில் அந்தச் சந்துகளில் நடப்பதை எப்படியாவது திட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செதுக்கு வேலைப்பாடுள்ள மரக்கதவுகளைச் சாய்ந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும்.

காட்பாடி ஆசிரியர்:

இருவருக்கும் மிக்க நன்றி. வனவிலங்குப் பூங்காவை விட்டுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டோம். யானையையாவது பார்க்க வேண்டும் என்று மனைவி மட்டும் கேட்கிறார். நைரோபியிலிருந்து ரயிலில் வருவது நல்லதா? உள்ளூர் மக்களிடம் பழகும்போது கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

சத்துவாச்சாரி நண்பர்:

ரயிலிலேயே வாருங்கள் ஐயா. 2017-இல் தொடங்கிய மதராகா எக்ஸ்பிரஸ் சுமார் 480 கிலோமீட்டரை ஐந்தாறு மணி நேரத்தில் கடக்கிறது. வழியில் சாவோ காட்டின் ஊடாகப் போவதால், செம்மண் பூசிய யானைகள் சன்னலிலிருந்தே கண்ணில் படக்கூடும். அம்மாவைச் சன்னல் ஓரம் உட்கார வையுங்கள். பகல் வண்டியாகப் பாருங்கள். மொம்பாசா நிலையம் ஊருக்கு வெளியே மிரித்தினியில் இருக்கிறது. விடுதிக்காரரிடம் முன்பே வண்டிக்குச் சொல்லிவிடுங்கள்.

பெரியவர்களைக் கண்டால் 'ஷிக்காமூ' என்று வணங்குங்கள். முகம் மலர்ந்து 'மரஹாபா' என்பார்கள். லிக்கோனி படகுத்துறையில் புகைப்படம் எடுக்காதீர்கள், தடை இருக்கிறது. கடைகளில் தரும் பிளாஸ்டிக் பைகளும் 2017 முதல் நாடு முழுவதும் தடை, துணிப்பையிலேயே கட்டிக்கொள்ளுங்கள்.

முக்கியமானது நேரக் கணக்கு. அங்கே பேசும் சுவாஹிலி மொழியில் மணியை நம் உதயாதி நாழிகை போல விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். நம் ஏழு மணி அவர்களுக்கு முதல் மணி. போன புதிதில் ஒரு படகுக்காரர் 'சா ன்னே', அதாவது நான்கு மணி என்றதை நம்பி நான் மாலை நான்குக்குப் போய் நின்றேன். அவர் சொன்னது காலை பத்து மணியை. எனக்காக நண்பகல் வரை வெயிலில் காத்திருந்திருக்கிறார். யாராவது நேரம் சொன்னால் ஆறைக் கூட்டிப் பார்த்து, 'காலையா, மாலையா' என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.