2009 டொயோட்டா வியோஸ்: சிக்னலில் நின்றால் எஞ்சின் உதறுகிறது, செக் எஞ்சின் விளக்கு மின்னுகிறது. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

துவாஸ்வாசி:
வணக்கம். 2009-ல் பதிவான வியோஸ் 1.5 ஆட்டோ. முந்தைய உரிமையாளர் சிஓஇ-யை (சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமை) புதுப்பித்திருந்தார், 2029 வரை ஓட்டலாம் என்றுதான் வாங்கினேன். கொஞ்ச நாளாகக் காலையில் ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் உதறுகிறது. சூடானதும் அடங்கும். ஆனால் ஏர்கான் போட்டு, கியர் டி-யில் இருக்க, சிக்னலில் நின்றால் நடுக்கம் ஸ்டியரிங் வரைக்கும் வருகிறது. நேற்று பிஐஇ விரைவுச்சாலையில் மிதித்தபோது இழுவையே இல்லை. செக் எஞ்சின் விளக்கு மின்னியது. பிறகு மின்னுவது நின்று, இப்போது அப்படியே எரிகிறது.

ஒரு வொர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஸ்கேனர் எதுவும் மாட்டிப் பார்க்கவில்லை. காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தருவது), பிளக், இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிப்பது) எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்கிறார்கள். அடுத்த மாதம் இன்ஸ்பெக்‌ஷன் வேறு இருக்கிறது. சனிக்கிழமை குடும்பத்தோடு ஜொகூர் போக வேண்டும். ஓட்டலாமா?

பழைய_ஸ்பேனர்:
ஜொகூர் வேண்டாம் தம்பி. விளக்கு எரிவது வேறு, மின்னுவது வேறு. மின்னினால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் எக்ஸாஸ்டுக்குள் போகிறது என்று அர்த்தம். அது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் தேன்கூடு மாதிரியான பகுதி உருகிவிடும். ஒரு காயிலோடு முடிய வேண்டிய செலவு அப்புறம் பல மடங்காகும். வண்டியை எடுத்தே ஆக வேண்டுமென்றால் மெதுவாக, பக்கத்தில் மட்டும் ஓட்டுங்கள்.

அடுத்தது, கார் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் பழுதுக் கோடு (code) தெரியாமல் ஒரு பாகத்தையும் மாற்றாதீர்கள். அதைப் படிக்கும் புளூடூத் ஓபிடி ரீடர் மலிவாகவே கிடைக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் மாட்டிப் படியுங்கள். பி0300 வந்தால் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் விடுபடுவது) பல சிலிண்டர்களில் மாறி மாறி வருகிறது. பி0301 முதல் பி0304 வரை ஏதாவது வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர் எண். உங்கள் எஞ்சினில் பெல்ட் இருக்கும் பக்கம் ஒன்றாம் சிலிண்டர். பி0171-உம் (பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்பது) சேர்ந்து வந்தால் பேச்சே வேறு. அப்போது காற்றுக் கசிவைத்தான் முதலில் தேட வேண்டும்.

துவாஸ்வாசி:
நன்றி அண்ணே, ஜொகூர் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டேன். நண்பரின் ரீடரில் பார்த்தேன். பி0302 மட்டும்தான், பி0171 இல்லை. 98 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் சரியாகும் என்று ஆபீஸில் சொல்கிறார்கள். உண்மையா?

பழைய_ஸ்பேனர்:
இல்லை. ஆக்டேன் எண் பெட்ரோல் தானாக வெடித்து நாக்கிங் (எஞ்சினில் தட்டும் சத்தம்) வராமல் இருப்பதற்கு. ஸ்பார்க் வராத சிலிண்டருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. கெட்ட பெட்ரோலாக இருந்தால் நான்கு சிலிண்டருமே தடுமாறும். உங்களுக்கு இரண்டாவது மட்டும்தான் மாட்டியிருக்கிறது, அதுவே பாதி விடை.

எஞ்சின் நன்றாக ஆறட்டும். இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் கழற்றி இடம் மாற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு 10 மிமீ போல்ட்தான். ஆனால் கனெக்டர் கிளிப் இத்தனை வருட எஞ்சின் சூட்டில் நொறுங்கும் பதத்தில் இருக்கும், பொறுமையாக அழுத்தி எடுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். பழுதுக் கோடை அழித்துவிட்டு, ஏர்கான் போட்டு, பக்கத்திலேயே ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி. மறுபடி பி0302 வந்தால் இதே முறையில் பிளக்கை மாற்றிப் பாருங்கள். அதிலும் நகரவில்லை என்றால் இன்ஜெக்டர், அப்புறம் கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டரின் அழுத்தத்தைப் பார்ப்பது).

காயிலை வெளியே எடுத்ததும் பிளக் இருக்கும் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். இது முக்கியம். எஞ்சின் ஓடும்போது காயிலைப் பிடுங்கிப் பார்க்கச் சிலர் சொல்வார்கள், வேண்டாம். ஷாக் அடிக்கும், எரியாத பெட்ரோலும் கன்வெர்ட்டருக்குள் போகும்.

ஈசூன்_அக்கா:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன் தம்பி. காலையில் உதறி, சூடானதும் அடங்குகிறது என்கிறீர்கள். ராத்திரி நின்ற வண்டியில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சிலிண்டருக்குள் கசிந்தாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். என் பழைய காரில் அப்படித்தான் இருந்தது. காயில் காயில் என்று எல்லாரும் அதிலேயே நின்றார்கள், கடைசியில் ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் தலைக்கு அடியில் இருக்கும் அடைப்பு) போயிருந்தது. எஞ்சின் ஆறியிருக்கும்போது ரிசர்வ் டேங்க் அளவைக் குறித்து வைத்து, சில நாள் கவனியுங்கள். ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை இனிப்பு வாசனையோடு வருகிறதா என்றும் பாருங்கள்.

பழைய_ஸ்பேனர்:
அக்கா சொல்வது சரி. கூலன்ட் குறைந்தால் காயிலை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போங்கள்.

துவாஸ்வாசி:
கூலன்ட் குறையவில்லை, புகையும் இல்லை. வேலையிடத்து யார்டில் கழற்றிப் பார்த்தேன். இரண்டாவது காயிலின் ரப்பர் பூட் எண்ணெயில் ஊறி உப்பியிருக்கிறது. நுனிப்பக்கம் தலைமுடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறது. குழிக்குள் எஞ்சின் ஆயில் தேங்கி, பிளக்கின் அறுகோணமே முங்கியிருக்கிறது. மற்ற மூன்று குழிகளும் காய்ந்திருக்கின்றன. காயிலை இடம் மாற்றி ஓட்டினேன், பி0303 வந்துவிட்டது.

பழைய_ஸ்பேனர்:
அப்படியென்றால் சந்தேகமே இல்லை. அந்தக் கறுப்புக் கோடு வழியாகத்தான் மின்சாரம் பிளக் முனைக்குப் போகாமல் பக்கத்து உலோகத்துக்குத் தாவியிருக்கிறது. ஏர்கான் சுமை ஏறும்போது நடுக்கம் கூடியதும் அதனால்தான்.

ஆனால் காயிலை மட்டும் மாற்றிவிட்டு வந்துவிடாதீர்கள். ஆயில் மேலே வால்வ் கவரிலிருந்து (எஞ்சினின் மேல்மூடி) இறங்குகிறது. கேஸ்கட்டும் பிளக் குழாயைச் சுற்றியிருக்கும் சீல்களும் சூட்டில் இறுகிப்போயிருக்கும். இந்த வயது எஞ்சினில் சகஜம்தான், மாடலின் குறை அல்ல. சீலை விட்டுவிட்டால் புது காயிலும் இதே எண்ணெயில் ஊறும். வொர்க்‌ஷாப்பில் இப்படிக் கேளுங்கள்: வால்வ் கவர் கேஸ்கட் செட், இப்போது மூன்றாவதில் இருக்கும் பழுதான காயிலுக்குப் பதில் ஒரு காயில், நான்கு பிளக். பிளக் எப்போது மாற்றியது என்று உங்களுக்கே தெரியாததால் அதை நான்காகவே போட்டுவிடலாம். இன்ஜெக்டரைத் தொட வேண்டியதில்லை. பிளக்கைக் கழற்றும் முன் குழிக்குள் இருக்கும் ஆயிலை உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் கொட்டும்.

பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு இன்ஸ்பெக்‌ஷன் வருடா வருடம் என்பதால் தள்ளிப்போட முடியாது. மிஸ்ஃபயரோடு போனால் புகைச் சோதனையில் ஹைட்ரோகார்பன் (எரியாத பெட்ரோல்) ஏறி நிற்கும். வேலை முடிந்து சில நாள் ஓட்டி, பி0302, பி0303 இரண்டுமே திரும்பவில்லை என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

துவாஸ்வாசி:
மிக்க நன்றி அண்ணே, அக்கா. நீங்கள் சொன்ன மூன்றை மட்டும் செய்ய வேறொரு கடையில் ஒப்புக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை வண்டியை விடுகிறேன். கழற்றிய சீல்களை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், படம் போடுகிறேன்.