91 கிலோவை 100 ஆக்க வழி சொல்லுங்கள்

நண்பர்களே, முதலில் ஒரு வாக்குமூலம். போன மாதம் டெட்லிஃப்டில் (தரையில் கிடக்கும் எடையை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி நிற்பது) 100 கிலோ தூக்கிவிட்டேன் என்று வீட்டில் அறிவித்து, எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். பக்கத்துக்கு 40 கிலோ பிளேட், ராடு 20 கிலோ என்று கணக்கு.

போட்டியில் ஆண்கள் தூக்கும் ராடுதான் 20 கிலோ. முனைகள் 50 மில்லிமீட்டர் தடிமன். எங்கள் ஜிம்மில் இருப்பது பாதித் தடிமன்கூட இல்லை. நேற்றுதான் சந்தேகம் வந்து, ராடைப் பிடித்துக்கொண்டு எடை மெஷினில் ஏறினேன். என் எடையைக் கழித்தால் மிச்சம் 11. ஆக, நான் தூக்கியது 91!

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. (25 கிலோ அரிசி மூட்டையை மாடிக்கு ஏற்றச் சொன்னால் இடுப்பு வலி என்பவன் நான். அம்மாவுக்கு ஏற்கெனவே சந்தேகம்தான்.)

சரி, உதவி இதுதான். இங்கே இருப்பதில் சிறிய பிளேட் 2.5 கிலோ, அதனால் ஒரே தாவலில் 5 கிலோ ஏறுகிறது. 96க்கு முதுகு வளைகிறது. மெல்லிய ராடுக்குப் பொருந்தும் அரை கிலோ, ஒரு கிலோ பிளேட்டுகள் மதுரையில் எங்கே கிடைக்கும்? மணல் பையைக் கட்டித் தூக்கியவர்கள் யாராவது உண்டா? ஆடித் தொலைக்காதா?

உண்மையான 100 வரும்வரை வாயைத் திறக்கப்போவதில்லை. இன்னொரு பிரியாணிக்குக் காசும் இல்லை.