முதல் வருஷம் எல்லாருக்கும் ஹாஸ்டல் கட்டாயம் ஆக்கலாமா?

மொட்டைமாடி வாசி:
ஆக்கணும்ங்குறதுதான் என் கருத்து, திட்டுறவங்க திட்டிக்கோங்க. காலையில வந்து கடைசி கிளாஸ் முடிஞ்ச உடனே பஸ் பிடிக்க ஓடுறவங்களுக்கு டிகிரி கிடைக்கும், ஆனா "இது என் இடம்"னு சொல்ல கேம்பஸ்ல ஒரு மூலைகூட இருக்காது. ஃபெஸ்டிங்கர்ங்குற உளவியல் ஆய்வாளரோட குழு அமெரிக்காவுல எம்ஐடி யுனிவர்சிட்டி குடியிருப்புல ஆராய்ஞ்சு 1950லயே எழுதிட்டாங்க, அடுத்த கதவுக்காரங்கள நெருங்கின ஃப்ரெண்டுனு சொன்னது 41 சதவீதம், அதே தளத்துல அந்தக் கோடியில இருக்கவங்கன்னா வெறும் 10. பக்கத்துல இருந்தாத்தான் ஒட்டும்.

கடைசிபஸ்:
பாஸ், அங்க இருந்தவங்க கல்யாணமாகி குடும்பத்தோட தங்கின ஸ்டூடண்ட்ஸ், போருக்குப் போயிட்டு படிக்க வந்தவங்க. 18 வயசுப் பிள்ளைங்கள நாலு நாலா ஒரு ரூம்ல அடைக்க அதையா ஆதாரமா காட்டுறீங்க? அதே ஆய்வுல நீங்க விட்டது ஒண்ணு இருக்கு, கீழ்தளத்துல மாடிப்படி ஓரமா இருந்தவங்களுக்கு மேல்தளத்துலயும் ஃப்ரெண்ட்ஸ் கிடைச்சாங்க, ஏன்னா மேல இருக்கவங்க அந்த வழியாத்தான் போகணும் வரணும். அப்போ மேட்டர் திரும்பத் திரும்ப அதே மூஞ்சிய பாக்குறதுலதான் இருக்கு, அத டே ஸ்காலருக்கும் பண்ணித் தரலாம்ல? ஒரு லாக்கர் கிடையாது, நடுவுல ஒரு மணி நேரம் கேப் விழுந்தா உக்கார இடம் கிடையாது, அப்புறம் "இவனுங்க ஒட்டவே மாட்டேங்குறானுங்க"னு பேச்சு வேற.

நூலகப்பூனை:
நடுவுல வர்றேன். படிப்புலயும் பழக்கத்துலயும் கலந்துட்டவங்க பாதியில விட்டுட்டுப் போறது குறைவுனு வின்சென்ட் டின்டோங்குற கல்வி ஆய்வாளர் 1975ல சொன்னார். 1992ல டியர்னிங்குற இன்னொரு ஆய்வாளர் அத மறுத்தார், அப்போ தன் வீட்டு வழக்கத்த எல்லாம் கழட்டி வெச்சுட்டு வரவேண்டியது ஸ்டூடண்ட் மட்டும்தானா, காலேஜ் மாற வேணாமானு. எனக்கு டியர்னி கேட்டதுதான் சரின்னு படுது.

மொட்டைமாடி வாசி:
சரி, ஆளு எப்ப வளர்றது? ரூம்மேட் கூட பயங்கரமா சண்டை போட்டுட்டு, ராத்திரி அதே ரூம்லதான் படுக்கணும்னு ஆகும்போது வர்ற பக்குவம் இருக்கே, அத எந்த வீட்டுல கத்துப்பீங்க?

கடைசிபஸ்:
தம்பிய ஸ்கூல்ல விட்டுட்டு அப்பாவ ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போய் டோக்கன் போட்டுட்டு முதல் கிளாஸுக்கு மூச்சு வாங்க ஓடி வர்ற பொண்ணுக்கு பக்குவம் இல்லன்னு சொல்றீங்களா?

நூலகப்பூனை:
ரெண்டு பேருமே எங்க தூங்குறோம்ங்குறதையே பேசுறீங்க. நானும் டே ஸ்காலர்தான், நாடகக்குழு சாமான் ரூம் சாவிய என் கையில குடுத்தாங்க, நான் வரலன்னா ரிகர்சலே நடக்காது, அங்கருந்துதான் எனக்கு காலேஜே ஆரம்பிச்சுச்சு (அதுவரைக்கும் கேண்டீனுக்குத் தனியா போகக்கூட கூச்சம்). வேலை குடுங்க, பொறுப்பு குடுங்க, ஆளு தானா வருவான்.

மொட்டைமாடி வாசி:
சாவி எத்தன பேருக்குக் குடுப்பீங்க? ஹாஸ்டல்னா எல்லாருக்கும் கிடைக்கும்.

கடைசிபஸ்:
எல்லாருக்குமா? ஃபீஸ் யாரு கட்டுறது?

மொட்டைமாடி வாசி:
காலேஜ்தான். கட்டாயம்னு சொன்னா இலவசமா குடுக்கணும், அதுல எனக்கும் வேற பேச்சு இல்ல.

கடைசிபஸ்:
அப்போ முதல்ல இலவசம்னு மட்டும் போடுங்க, அந்த வருஷம் எத்தன பேர் தானா வர்றாங்கனு பாத்துட்டு கட்டாயத்த பத்தி பேசுவோம்.