916 கே.டி.எம். என்று மட்டும் அடித்த பழைய செயின்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவின் மூன்று பவுன் செயினை மாற்றிப் புதிதாக வாங்கலாம் என்றிருக்கிறோம். கொக்கிக்குப் பக்கத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் '916 கே.டி.எம்.' (916 என்றால் 22 கேரட்) என்றும் கடையின் இரண்டு எழுத்தும் மட்டும் தெரிகின்றன. ஹால்மார்க் முத்திரையில் வரும் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முக்கோணம் இல்லை, ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண்ணும் இல்லை. 2021க்கு முன்னால் வாங்கியது, அதனால் எண் இருக்காது, சரி. ஆனால் முக்கோணமும் இல்லையே! கே.டி.எம். என்பது காட்மியம் வைத்துப் பற்றவைத்ததைத்தான் சொல்லும், தரச் சான்று கிடையாது என்பது வரை புரிகிறது. அப்படியானால் அந்த 916 கடைக்காரர் தானாக அடித்துக்கொண்டதுதானா?

ஒரு கடையில் உரசிப் பார்த்துவிட்டு, "இருபது கேரட்தான் வரும்" என்றார்கள். வாங்குகிறவர் வாயால் வரும் கணக்கு, எப்படி நம்புவது?

ஹால்மார்க் மையத்தில் நாமே நேரில் கொடுத்துச் சோதித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மெஷினில் வைத்துப் பார்ப்பதோடு விடுவார்களா, துளி வெட்டி உருக்குவார்களா? அப்புறம், அந்த ரிப்போர்ட்டைக் கடைகள் ஏற்றுக்கொள்கின்றனவா? மதுரைப் பக்கம் என்றால் இன்னும் நல்லது.