புதுப்பிப்பு: சைக்கிள் ஸ்டாண்டுச் சீண்டல், எந்த யோசனை பலித்தது

கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பள்ளியில் பெரிய வகுப்புப் பையன்கள் ஆறாம், ஏழாம் வகுப்புக் குழந்தைகளைச் சீண்டுவதை எப்படி நிறுத்துவது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றிங்க. சீண்டல் நன்றாகக் குறைந்திருக்கிறது, முழுசாக நிற்கவில்லை.

பலித்தது ஈரோட்டு டீச்சர் சொன்ன வரைபட யோசனைதான். பள்ளியின் வரைபடத்தை நகலெடுத்துக் கொடுத்து, பேர் எழுதாமல், பயமான இடத்தில் சிவப்புப் புள்ளி வைக்கச் சொன்னோம். வகுப்பறையில் புள்ளி குறைவு. சைக்கிள் ஸ்டாண்டும், கழிப்பறைக்குப் போகும் சந்தும், டவுன் பஸ் நிறுத்தமும் சிவந்து கிடந்தன. இடைவேளை மணி அடிக்கும் முன்பே அங்கே ஓர் ஆசிரியர் நிற்க வேண்டும். அடித்த பிறகு ஸ்டாஃப் ரூமிலிருந்து கிளம்பினால் எல்லாம் முடிந்திருக்கும்.

பிள்ளைகள் புகாரை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி தலைமையாசிரியர் அறை வாசலில் இருந்தவரை காலி. நூலகத்துக்குள் மாற்றியதும் சீட்டு விழுந்தது. எதிர்பாராதது இதுதான்: முதலில் புகார் கூடிற்று. பயந்துபோய் நிறுத்திடாதீங்க, நம்பிக்கை வந்ததால்தான் எழுதுகிறார்கள்.

'ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் கைகுலுக்க வைங்க' என்று இங்கே வந்த யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. பலம் சமமில்லாத இடத்தில் அடிபட்டவன் "சரிங்க சார்" என்பான், வெளியே போய் இன்னும் வாங்குவான். தனித்தனியாகப் பேசணும், வேடிக்கை பார்த்தவர்களிடமும்.

தூக்கமும் சாப்பாடும் கெட்ட பிள்ளைக்கு அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். அடி, பாலியல் தொல்லை என்றால் நேராகக் குழந்தைகள் உதவி எண் 1098.