முக்திநாத் போக அம்மாவுக்கு ஆதார் போதுமா? அவசரம்

பாலக்கோட்டுக்காரன்:
வணக்கம். அப்பாவுக்கு 70 வயது, முக்திநாத் பெருமாளைச் சேவிக்கணும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், 108 திவ்ய தேசத்தில் ஒன்றாச்சே, அதனால் இந்த முறை கூட்டிப் போய்விடலாம் என்று பெங்களூரிலிருந்து டெல்லி வழியாகக் காட்மாண்டுவுக்கு விமானம் பார்க்கிறேன். என்னிடம் மட்டும்தான் பாஸ்போர்ட் உண்டு. அம்மாவுக்கு 62, மகளுக்கு 16. நேபாளம் சார்க் (தெற்காசிய நாடுகள் கூட்டமைப்பு) நாடு, எல்லோருக்கும் ஆதாரே போதும் என்கிறார் டிக்கெட் போடுபவர். நம்பலாமா? அம்மாவின் வாக்காளர் அட்டை பழைய கறுப்பு வெள்ளை, லேமினேஷன் பிரிந்து, முகம் அழிந்து புடவை ஓரம்தான் தெரிகிறது.

ஓசூர் வாசி:
இப்போது டிக்கெட் போடாதீங்க அண்ணா. சார்க்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இலங்கையும் சார்க்தான், அங்கே பாஸ்போர்ட் இல்லாமல் விடுவார்களா? நேபாளத்துக்கு நமக்கு விசா வேண்டாம் என்பது 1950-ல் இந்தியாவும் நேபாளமும் போட்ட ஒப்பந்தத்தால் வந்தது. ஆனால் விமானத்தில் போகும் பெரியவர்களுக்கு பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டை வேண்டும். ஆதார் செல்லுவது 65 தாண்டியவர்களுக்கும் 15-க்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் மட்டும். அப்பாவுக்குப் பிரச்சினை இல்லை, அம்மாவும் பாப்பாவும்தான் நடுவில் மாட்டுகிறார்கள்.

அரூர் டீச்சர்:
15 முதல் 18 வரை பள்ளித் தலைமையாசிரியர் தரும் அடையாளச் சான்று செல்லும், அதற்கென்றே படிவம் இருக்கிறது. வெறும் பள்ளி ஐடி கார்டை நம்பிப் போகாதீர்கள். போட்டோ ஒட்டி, முத்திரை பாதி போட்டோவிலும் பாதி தாளிலும் விழும்படி வைக்கச் சொல்லுங்கள். லீவு விட்டபிறகு ஹெச்.எம்.மைப் பிடிப்பது கஷ்டம், இப்போதே கேளுங்கள்.

பாலக்கோட்டுக்காரன்:
ரொம்ப நன்றி. அம்மாவுக்கு என்ன செய்ய? அந்த அட்டையையே காட்டிப் பார்க்கலாமா?

ஓசூர் வாசி:
வேண்டாம், முகமே தெரியாத அட்டையைக் கவுண்டரில் நீட்டி அந்த வயதில் அம்மாவைத் தவிக்கவிடாதீங்க. தேர்தல் ஆணையத்துக்குப் படிவம் 8 போட்டால் புது வாக்காளர் அட்டை வரும், ஆன்லைனிலேயே போடலாம். நேரம் இருந்தால் பாஸ்போர்ட்டே எடுத்துவிடுங்கள், பெயரில் எழுத்து மாறாமல் பார்த்துக்கொண்டு. டிக்கெட்டிலும் அதே பெயர்தான் இருக்கணும். அப்புறம், முக்திநாத் 3,700 மீட்டர் உயரம், அப்பாவை ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

காவேரிப்பட்டணம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், பூடானுக்கும் இதேதானா?

ஓசூர் வாசி:
பெரியவர்களுக்கு அங்கேயும் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டைதான். பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதோடு நுழைவு அனுமதி வாங்கணும், பெரியவர் ஒருவருக்கு ஒரு இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணமும் உண்டு.