முகத்துவாரம் தாண்டியதும் மறைந்துபோகும் ஆட்டோபைலட்: பெட்டி பழுதா, வயரிங் பழுதா?

கேட்டவர் (தேங்காய்த்திட்டு, புதுச்சேரி):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் 32 அடிப் பாய்மரப் படகின் சுக்கானைத் தானாகவே திருப்பி ஓட்டும் ஆட்டோபைலட், துறையில் கட்டியிருக்கும்போது ஒழுங்காக வேலை செய்கிறது. முகத்துவாரம் தாண்டிப் படகு அலையில் ஏறி இறங்கத் தொடங்கியதும், ‘பைலட் இல்லை’ என்று திரையில் காட்டிவிட்டுச் சுக்கானை அப்படியே கைவிட்டுவிடுகிறது. அதே நேரத்தில் காற்றுமானியின் அளவும் மறைகிறது. சில நிமிடங்களில் இரண்டும் தாமாகவே திரும்புகின்றன. பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கிறது. கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்றச் சொல்கிறார்கள். அதற்கு முன் எதைப் பார்க்கலாம்?

மறுமொழி (கடலூர் முதுநகர்):
பெட்டியை இப்போது தொடாதீர்கள், தம்பி. பெட்டி பழுதானால் பைலட் மட்டும்தானே போக வேண்டும், காற்றுமானி ஏன் போகிறது? இரண்டும் சேர்ந்து போவதால், கருவிகளை இணைக்கும் பொதுவான என்.எம்.இ.ஏ. 2000 வலையமைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதன் பிரதான கேபிளின் இரு முனைகளிலும் 120 ஓம் டெர்மினேட்டர் (முனையில் மாட்டும் மின்தடை) ஒவ்வொன்று இருக்க வேண்டும். மின்சாரத்தை முழுவதும் அணைத்துவிட்டு, ஏதேனும் ஒரு கருவியின் கேபிளைக் கழற்றி, வெள்ளை, நீல வயர்களுக்குரிய பின்களுக்கு இடையே மல்டிமீட்டரை வைத்தால் ஏறத்தாழ 60 ஓம் காட்ட வேண்டும். 120 என்றால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. 40 என்றால் யாரோ மூன்றாவதாக ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். மீட்டரை வைத்தபடியே, இன்னொருவரை ஒவ்வோர் இணைப்பாக அசைக்கச் சொல்லுங்கள். ஆடாமல் நிற்கும் படகில் ஒருமுறை அளந்துவிட்டுத் திருப்தியடைவதால் பயனில்லை.

கேட்டவர்:
நன்றி, அண்ணா. முதலில் 60 காட்டியது. பின்புற அறையிலிருந்த கடைசி டீ (T வடிவ) இணைப்பை என் மைத்துனர் அசைத்ததும் 120க்குத் தாவியது. கழற்றினால், ஐந்து பின்களில் இரண்டில் பச்சைக் களிம்பு. உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் வளையத்தையே காணோம். டீயையும் டெர்மினேட்டரையும் மாற்றிவிட்டேன், காற்றுமானி இப்போது மறைவதில்லை. ஆனால், சுக்கானைப் பலமாகத் திருப்பும்போது பைலட் மட்டும் அணைந்து மீண்டும் எழுகிறது.

மறுமொழி (அரியாங்குப்பம்):
இது வேறு கோளாறு. சுக்கானைத் திருப்பும் மோட்டார் சும்மா இருக்கும்போது பேட்டரியில் எடுத்த 12.6 வோல்ட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மோட்டார் 12 ஆம்பியர் இழுக்கும் நேரத்தில் வழியில் ஓரிடத்தில் 0.15 ஓம் தடை இருந்தாலே, 1.8 வோல்ட் அங்கேயே போய்விடும். பலரும் சிவப்பு வயரையே சந்தேகிப்பார்கள். என் அனுபவத்தில் குற்றவாளி பெரும்பாலும் கறுப்பு (நெகட்டிவ்) வயர்தான். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மற்றொன்றைப் பெட்டியின் நெகட்டிவிலும் வைத்து, சுக்கானை இருபுறமும் திருப்பச் செய்யுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியைப் பிரித்துப் பாருங்கள்.

கேட்டவர்:
1.7 வோல்ட் காட்டியது, ஐயா. பேட்டரிக்குப் பின்னாலுள்ள பஸ்பாரில் (பல வயர்களை ஒன்றுசேர்க்கும் உலோகப் பட்டை) வயரின் முனையிலுள்ள லக் என்ற உலோக வளையத்தைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. உறைக்குள் ஒரு சாண் நீளத்துக்குச் செம்புக் கம்பி கறுத்துப் பொடியாக உதிர்ந்தது. வெள்ளீயம் பூசிய புது வயர் இழுத்து, லக்கை நன்றாக நெரித்துப் பொருத்தியபின் 0.2 வோல்ட்தான் காட்டுகிறது. நேற்று முகத்துவாரத்துக்கு வெளியே இரண்டு மணி நேரம் ஓட்டினோம். பைலட் ஒருமுறைகூட அணையவில்லை. பெட்டி பழையதேதான்.